கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு: அதனைப் புரிந்துகொள்வது எவ்வாறு?

ரொக்ஸ்பரோவிலும் அதனை அடுத்த பியர்போன் பகுதியிலும் ஆற்றங்கரையோரமாக நடப்பவர்களின் மணிக்கட்டில் இப்பொழுது ஸ்மார்ட் கைக்கடிகாரத்தையோ உடற்பயிற்சிப் பட்டியையோ பரவலாகக் காணலாம். பிள்ளைகள் தாய் தந்தையருக்கு அதனைப் பிறந்தநாட் பரிசாக வாங்கிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. காலடிகளின் எண்ணிக்கை, நாடித் துடிப்பு, உறக்க நேரம் ஆகியவற்றோடு, ‘எரித்த கலோரி’ என்னும் ஓர் எண்ணையும் அக்கருவி காட்டுகின்றது. சிலர் அந்த எண்ணைப் பார்த்து இரவு உணவைக் கூட்டுகின்றனர், சிலர் குறைக்கின்றனர், நீரிழிவுக்கு மருந்து எடுப்போரிற் சிலர் அதனைக் கொண்டு மருந்தின் அளவையே மாற்ற எண்ணுகின்றனர். ஆகவே அந்த எண் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு நம்பத்தக்கது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பவற்றை இப்பாடம் விளக்குகின்றது.

1. கலோரி என்பது யாது?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்துவதற்குத் தேவையான வெப்பமே உணவுப் பொதிகளிலும் கைக்கடிகாரங்களிலும் ‘கலோரி’ என்று குறிக்கப்படுகின்றது. பௌதிகவியல் நூல்கள் இதனையே ‘கிலோகலோரி’ என வழங்கும். மாச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரியும், கொழுப்பில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 9 கலோரியும் உள்ளன. அமெரிக்க ஆய்வாளரான வில்பர் அட்வோட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய இந்தச் சராசரிகளே இன்றும் உணவுப் பொதிகளின் கணக்குக்கு அடிப்படையாக உள்ளன.

உடல் ஒரு நாளிற் செலவிடும் சக்தியை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம். இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் முதலியவை ஓய்விலும் இயங்குவதற்கான செலவு முதலாவது. அதிகம் உடலுழைப்பு இல்லாதவர்களில் மொத்தச் செலவின் பெரும்பகுதி இதுவே. உண்ட உணவைச் செரிப்பதற்கான செலவு இரண்டாவது. இது மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. நடை, வேலை, உடற்பயிற்சி ஆகிய அசைவுகளுக்கான செலவு மூன்றாவது. உடற்பயிற்சி செய்வோர் கவனிப்பது இந்த மூன்றாவது கூறையே. எனினும் பலரின் கணக்கில் அது சிறிய கூறாகவே இருக்கின்றது.

2. கருவி எதனை அளக்கின்றது, எதனை ஊகிக்கின்றது?

கைக்கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. அது முக்கியமாக இரண்டு விடயங்களை நேரடியாக உணர்கின்றது. ஒன்று, மணிக்கட்டின் அசைவு. மற்றையது, தோலின் கீழ் ஓடும் குருதியின் ஏற்ற இறக்கம். கருவியின் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். அந்த மாற்றத்திலிருந்து நாடித் துடிப்புக் கணிக்கப்படுகின்றது.

உண்மையான சக்திச் செலவை அறிய விரும்பும் ஆய்வுகூடங்கள் வேறு வழியைக் கையாளுகின்றன. முகத்தில் ஒரு மூடியைப் பொருத்தி, உள்ளிழுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அளந்து, அதிலிருந்து செலவைக் கணிக்கின்றன. மணிக்கட்டில் அணியும் கருவியால் அது இயலாது. எனவே அது அசைவையும் துடிப்பையும், அணிபவர் தாமே பதிந்த வயது, பால், உயரம், நிறை ஆகியவற்றோடு சேர்த்து, ஒரு சூத்திரத்தின் வழியே கலோரியை ஊகிக்கின்றது. அச்சூத்திரத்தை எல்லா உற்பத்தியாளர்களும் முழுமையாக வெளியிடுவதில்லை.

இத்தகைய சூத்திரம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு, 1990இல் வெளியான மிஃப்லின்–சென்ற் ஜோர் சூத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓய்வு நிலையில் ஒரு பெண்ணின் நாளாந்தச் செலவு வருமாறு கணிக்கப்படும்: நிறையை (கிலோகிராம்) 10ஆலும், உயரத்தை (சென்ரிமீற்றர்) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டுக. வயதை 5ஆற் பெருக்கிக் கழிக்க. ஈற்றில் 161ஐக் கழிக்க. ஆண்களுக்கு 161ஐக் கழிப்பதற்குப் பதிலாக 5ஐக் கூட்ட வேண்டும்.

55 வயதும், 155 சென்ரிமீற்றர் உயரமும், 70 கிலோகிராம் நிறையும் உள்ள ஒரு பெண்ணைக் கொள்க. 700, 968.75 ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து 275ஐயும் 161ஐயும் கழித்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,233 கலோரி வரும். இனி, அதே பெண் தம் நிறையை இறாத்தலிலேயே அறிந்தவர் எனவும், கிலோகிராம் கேட்கும் இடத்தில் 154 எனப் பதிந்துவிட்டார் எனவும் கொள்க. சூத்திரம் உடனே 2,073 கலோரி என்னும். கருவி பழுதாகவில்லை, கொடுத்த தகவலே பிழையானது. ஆதலாற் கருவியை வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் உள்ள நிறை, உயரம், வயது ஆகியவற்றின் அலகுகளைச் சரிபார்ப்பதாகும்.

3. ஒரே வீட்டில் இரண்டு எண்கள்

கணவர் ஒரு நிறுவனத்தின் கருவியையும் மனைவி வேறொரு நிறுவனத்தின் கருவியையும் அணிந்து சேர்ந்தே நடந்தாலும், நாள் முடிவில் இருவரின் எண்களும் பெரிதும் வேறுபடுவதுண்டு. இதற்கு ஒரு முக்கிய காரணம், எதனைக் காட்டுவது என்பதில் உள்ள வேறுபாடு. அப்பிள் கைக்கடிகாரத்தின் சிவப்பு வளையம் அசைவால் ஏற்பட்ட செலவை மட்டும் கணக்கிடுகின்றது. ஃபிட்பிட் கருவிகளின் நாளாந்த எண்ணோ ஓய்வு நிலைச் செலவையும் சேர்த்தது. அதனாற் காலையில் விழித்தெழும்போதே அங்கு சில நூறு கலோரிகள் பதிவாகியிருக்கும். அந்த நூறுகளை உடற்பயிற்சியின் பலன் எனக் கருதுவது தவறு.

இதனை ஒரு மணி நேர நடையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சாதாரண வேகத்தில் நடப்பதற்கு, ஓய்வாக இருப்பதைப்போல் ஏறத்தாழ 3.5 மடங்கு சக்தி தேவை என்று உடலியக்க அட்டவணைகள் கொள்கின்றன. ஓய்வுக்கு ஒரு கிலோகிராம் நிறைக்கு மணிக்கு 1 கலோரி என்பது அவ்வட்டவணைகளின் பொது எடுகோள். அதன்படி மேற்சொன்ன பெண்ணின் நடைக்கு 70ஐ 3.5ஆற் பெருக்கி 245 கலோரி எனலாம். ஆனால் அவர் அந்த நேரத்தில் நாற்காலியில் ஓய்வாக இருந்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே நடையால் மேலதிகமாகச் செலவானது 175 மட்டுமே. மிஃப்லின் சூத்திரப்படியோ அவருடைய ஓய்வுச் செலவு மணிக்கு 70 அன்று, ஏறத்தாழ 51. அதனைக் கொண்டு கணித்தால் நடையின் மொத்தச் செலவு 180ஆகவும், மேலதிகச் செலவு 129ஆகவும் குறைந்துவிடும். ஒரே பெண், ஒரே நடை. ஆயினும் 245, 180, 175, 129 என நான்கு விடைகள். நான்கும் கணித முறையிற் சரியானவை.

4. ஆய்வுகள் கூறுவது யாது?

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 60 பேர் ஏழு வகையான கருவிகளை அணிந்து நடந்தனர், ஓடினர், மிதிவண்டி மிதித்தனர். அவர்களுடைய நாடித் துடிப்பு மருத்துவ இதய மின்பதிவோடும், சக்திச் செலவு மூச்சுக்காற்றுப் பகுப்பாய்வோடும் ஒப்பிடப்பட்டது. ஏழிற் ஆறு கருவிகள் நாடித் துடிப்பை 5 வீதத்துக்குட்பட்ட வழுவுடன் காட்டின. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியின் சராசரி வழுவே 27 வீதம். மிக மோசமானதன் வழு 93 வீதம். உண்மையான செலவு 200 கலோரி ஆயின், 27 வீத வழு என்பது 146 தொடக்கம் 254 வரையான எந்த எண்ணாகவும் தோன்றலாம்.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு தமிழர்க்கு நேரடியாகப் பொருந்துவது. கருமை மிகுந்த தோலுடையோரிலும், உயரத்துக்கு மிஞ்சிய நிறையுடையோரிலும், நடையின்போதும் கருவிகளின் வழு அதிகமாயிருந்தது. அன்று சோதிக்கப்பட்ட கருவிகளின் இடத்தைப் புதியவை பிடித்துவிட்டன. எனினும் துடிப்பையும் அசைவையும் கொண்டு கலோரியை ஊகிக்கும் அடிப்படை முறை மாறவில்லை.

சூத்திரங்களுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1985இல் ஐக்கிய நாடுகளின் உணவு, சுகாதார அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஸ்கோபீல்ட் சூத்திரங்களுக்கு ஆதாரமான தரவுகளில் ஏறத்தாழ அரைவாசி இத்தாலியர்களிடமிருந்து பெறப்பட்டவை. வெப்ப வலய நாட்டு மக்களின் ஓய்வுச் செலவை அச்சூத்திரங்கள் கூடுதலாக மதிப்பிடுகின்றன என்று 1991இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஒரே உயரமும் ஒரே நிறையும் உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில் தென்னாசியரின் உடலிற் சராசரியாகத் தசை குறைவாகவும் கொழுப்புக் கூடுதலாகவும் இருக்கும். தசை, கொழுப்பைவிட அதிக சக்தியைச் செலவிடும் இழையம். எனவே பொதுச் சூத்திரம் காட்டும் எண் தமிழர் ஒருவருக்கு உண்மையை மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

5. மணிக்கட்டு அறியாத உழைப்பு

கருவி மணிக்கட்டில் இருப்பதால், கை அசையும் அளவையே அது பெரும்பாலும் உடலின் அசைவாகக் கொள்கின்றது. பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டோ, அங்காடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டோ நடக்கும்போது கை அசையாது. காலடிகள் பல விடுபடும். டொலார்-டே-ஓர்மோவில் உள்ள திருமுருகன் ஆலயத்திற் கைகூப்பியபடி வீதி வலம் வரும் அடியாரின் நடையையும் கருவி குறைத்தே எண்ணக்கூடும். மாறாக, தேங்காய் துருவுதல், மாக் குழைத்தல் போன்ற வேலைகள் அமர்ந்தபடி செய்யப்பட்டாலும் காலடிகளாகப் பதிவாகலாம். குளிர்காலத்தில் தோலுக்குச் செல்லும் குருதி குறைவதால், நாடித் துடிப்பைக் கருவி தவறவிடுவதும் உண்டு. பட்டி தளர்வாக இருந்தாலும் அவ்வாறே. அதனை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, இறுக்கமின்றி, அசையாதவாறு அணிதல் நன்று.

உயர் குருதி அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ ‘பீற்றா புளொக்கர்’ வகை மருந்து எடுப்போருக்கு நாடித் துடிப்பு மருந்தினாலேயே மட்டுப்படும். அவர்கள் கடுமையாக உழைத்தாலும் கருவி அதனை இலேசான வேலையாகக் கருதக்கூடும்.

6. ‘எரித்ததை உண்ணலாம்’ என்னும் கணக்கு

கருவியின் கலோரியை உணவின் கலோரியோடு கூட்டிக் கழிக்க முற்படும்போதே பெரிய தவறு நிகழ்கின்றது. உணவுக் குறிப்பேட்டுச் செயலிகள் சில, உடற்பயிற்சியில் எரித்ததை அன்றைய உணவு அளவோடு தாமாகவே சேர்த்துவிடுகின்றன. அன்றாட அசைவை அச்செயலி ஏற்கெனவே கணக்கில் எடுத்திருந்தால், ஒரே நடை இருமுறை எண்ணப்பட்டுவிடும்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. மேலே கண்ட பெண்ணின் ஒரு மணி நேர நடை, குறைந்த மதிப்பீட்டின்படி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்கே ஈடாகும். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 200 கலோரி. கறிக்குத் தாளிக்கும் எண்ணெயை வீட்டில் அளந்து ஊற்றுவோர் சிலரே. ஆகவே உண்ணும் பக்கத்தின் கணக்கும் ஊகமே. இரண்டு ஊகங்களின் வேறுபாட்டைக் கொண்டு ‘இன்று 150 கலோரி மிச்சம்’ என முடிவு செய்வதற்கு ஆதாரம் இல்லை.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. நிறையைக் குறைக்க விரும்பிய 471 இளவயதினருக்கு முதலில் ஆறு மாதங்கள் உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் வழங்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதியினர் மேற்கையில் அணியும் கருவியையும் பெற்றனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோகிராமும், அணியாதவர்கள் 5.9 கிலோகிராமும் குறைந்திருந்தனர். கருவி தீங்கானது என்பதன்று இதன் பொருள். அணிவதால் மட்டும் நிறை குறையும் என்னும் எதிர்பார்ப்புக்கு இம்முடிவு இடம் கொடுக்கவில்லை என்பதே.

7. எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

நீரிழிவு: இன்சுலின் ஏற்றுவோரும், குருதிச் சீனியை விரைவாகக் குறைக்கும் மாத்திரைகளை எடுப்போரும் கலோரி எண்ணைக் கொண்டு மருந்தையோ உணவையோ தாமாக மாற்றலாகாது. நீண்ட நடைக்குப் பின் சீனி அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் இது இன்னும் கவனிக்கத்தக்கது. விரதத்துக்கு முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஆலோசனை பெறுதல் வேண்டும்.

ஊசியின்றிச் சீனி பார்க்கும் கடிகாரங்கள்: தோலைத் துளைக்காமலே குருதிச் சீனியை அளப்பதாக விளம்பரப்படுத்தப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எதற்கும் அந்நிர்வாகம் அங்கீகாரம் வழங்கியிருக்கவில்லை. மருத்துவர் பரிந்துரைக்கும், தோலின் கீழ் நுண்ணிய உணரி பொருத்தப்படும் கருவிகள் வேறு. அவை தரும் அளவைச் சில கைக்கடிகாரங்கள் திரையிற் காட்டுவதும் வேறு.

பனி அள்ளுதல்: அன்றைய வளையத்தை நிறைவு செய்வதற்காக வாசலின் பனியை ஒரே மூச்சில் அள்ளி முடிப்பது ஆபத்தானது. 1981 முதல் 2014 வரையான கியூபெக் மாகாணத் தரவுகளை ஆராய்ந்து மொன்றியல் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இது: 20 சென்ரிமீற்றர் பனி பெய்த மறுநாளில், பனி பெய்யாத நாட்களோடு ஒப்பிடுகையில், ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையிற் சேரும் வாய்ப்பு 16 வீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 வீதமும் உயர்ந்திருந்தன. பனி அள்ளுதலே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. கருவி அந்த உழைப்புக்குப் பாராட்டு வழங்கும். இதயத்தின் நிலையை அறியாது. நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால் திரையைப் பார்த்துக்கொண்டிராது 911ஐ அழைத்தல் வேண்டும்.

இளையோர்: உணவைக் குறைப்பதிலேயே மனம் செல்லும் பதின்ம வயதினருக்குக் கலோரி எண் தீங்கு செய்யலாம். பல கருவிகளில் அந்த எண்ணை முகப்பிலிருந்து நீக்கலாம்.

8. தரவுகளும் சட்டமும்

நாடித் துடிப்பு, நிறை, உறக்கம் ஆகியன தனிப்பட்ட தகவல்கள். 2021இல் நிறைவேற்றப்பட்டு 2022 முதல் 2024 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த 25ஆம் சட்டம், இவை தொடர்பாகக் கியூபெக் வாசிகளுக்குப் பின்வரும் பாதுகாப்புகளை அளிக்கின்றது. உணர்வுபூர்வமான தகவல்களைப் பயன்படுத்துவதற்கு வெளிப்படையான சம்மதம் தேவை. மருத்துவத் தகவல்கள் அவ்வகையின. 14 வயதுக்குட்பட்டோருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் அளிக்க வேண்டும். நிறுவனம் தன்னிடம் உள்ள தகவலைக் காட்டுமாறும், பிழையைத் திருத்துமாறும் எழுத்தில் கோரலாம்; அதற்கு 30 நாட்களுள் பதில் அளிக்கப்பட வேண்டும். பதில் வராவிடில் அல்லது மறுக்கப்பட்டால், கியூபெக்கின் தகவல் அணுகல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

2024 செப்ரெம்பர் 22 முதல், ஒருவர் தாம் வழங்கிய கணினித் தகவலைப் பரவலாகப் பயன்படும் மின்வடிவிற் பெற்று வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் உரிமை உண்டு. ஆனால் நிறுவனம் தானே உருவாக்கிய அல்லது ஊகித்துப் பெற்ற தகவலுக்கு இந்த மாற்றும் உரிமை பொருந்தாது. ஒருவரிடமிருந்து பெறப்பட்டதும் அவரைப் பற்றி ஊகிக்கப்பட்டதும் வெவ்வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கின்றது. கலோரி எண் இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதை இப்பாடத்தின் முற்பகுதி காட்டியது.

காப்புறுதி நிறுவனமோ தொழில் வழங்குநரோ சலுகை தந்து கருவியின் தரவுகளைக் கேட்டால், எவை சேகரிக்கப்படும், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், யாருக்கு வழங்கப்படும் என்பவற்றை வாசித்தறிந்த பின்னரே சம்மதித்தல் தகும்.

9. கருவியைப் பயன்படுத்தும் நல்ல முறை

நாடாவின் அடையாளங்கள் சற்றுப் பிழையானாலும், அதே நாடாவால் மீண்டும் மீண்டும் அளந்தால் வளர்ச்சி தெரியும். கலோரி எண்ணும் அத்தகையதே. ஒரே கருவியை ஒரே கையில் அணிந்து, சென்ற வாரத்தின் சராசரியோடு இந்த வாரத்தின் சராசரியை ஒப்பிடலாம். வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதிற் பயனில்லை.

கலோரியைவிட நிமிடங்கள் நம்பத்தக்கவை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான அல்லது கடுமையான உடலியக்கம், வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேற்படாத அமர்வு என்பன வளர்ந்தோருக்கான கனேடிய வழிகாட்டல்கள். 65 வயதைக் கடந்தோர் உடற்சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டு நடக்க முடிந்து, பாட முடியாதிருந்தால் அது மிதமான வேகம். இதற்குக் கருவியே தேவையில்லை. கோடையில் ஆற்றங்கரையும், கப்-சான்-ஜாக், புவா-டு-லியெஸ் இயற்கைப் பூங்காக்களும் நடைக்கு உகந்தவை.

10,000 காலடி என்னும் இலக்கு மருத்துவ ஆய்விற் பிறந்ததன்று. 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரிலிருந்து வந்தது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 காலடிகள் நடந்தோரின் இறப்பு வீதம், மிகக் குறைவாக நடந்தோரினதைவிடத் தாழ்ந்திருந்தது. ஏறத்தாழ 7,500 காலடிகளுக்கு மேல் அந்நன்மை கூடவில்லை.

10. மீட்டல் வினாக்கள்

(அ) கருவி 400 கலோரி எனக் காட்டினால், முதலிற் கேட்க வேண்டியது யாது? — அது மொத்தச் செலவா, அசைவுச் செலவு மட்டுமா என்பது.

(ஆ) நிறை குறைந்த பின் செய்ய வேண்டியது யாது? — கருவியிற் பதிந்துள்ள நிறையைப் புதுப்பித்தல்.

(இ) மாலை நடையில் எரித்த அளவுக்கு இரவில் மேலதிகமாக உண்ணலாமா? — அந்த எண்ணை அதற்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது.

(ஈ) கருவியின் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றலாமா? — கூடாது. மருத்துவரின் ஆலோசனை தேவை.

உடல்நலம் பற்றிய அவசரமற்ற ஐயங்களுக்கு 811ஐ அழைத்து, எந்நேரமும் தாதி ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். பியர்போனில் உள்ள உள்ளூர்ச் சமூக சேவை நிலையத்திற் சந்திப்புப் பெறும்போது, தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனின் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. அங்கு செல்வோர் கருவியின் எண்களோடு, தாம் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.